பட்டிக்குத் திரும்பிய ஆடுகள்

உத்தனப்பள்ளியை ஒட்டிய அந்தக் குன்றை மலை என்று சொல்வது ஊர்க்காரர்களின் பெரிய மனசு. பாறை, உண்ணிச்செடி, இடுப்பளவு காய்ந்த புல், அவ்வளவுதான். இந்தக் கோடையில் பொட்டு மழை இல்லை. குன்று அடிக்கடி பற்றிக்கொண்டது. புதுப்புல் முளைக்கட்டும் என்று எவனாவது தீ வைத்திருப்பான், இல்லையென்றால் பீடி. விசாரித்தால் ஊரில் ஒருத்தருக்கும் பீடிப் பழக்கமே கிடையாது.

மாதேஷுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்ட். அன்று நீல யூனிபார்ம் சட்டையோடு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை தெரிந்தது. உச்சியிலிருந்து தீ மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அம்மா சென்னம்மா தினமும் ஆடு ஓட்டிக்கொண்டு போவது அங்கேதான்.

போன் போட்டுக்கொண்டே ஓடினான். அடிவாரத்தில் முதல் வீடு அவர்களுடையது. போன் வீட்டுக்குள்ளேதான் அடித்தது. பட்டியில் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவனுக்கு உயிர் வந்தது. ஆடு பட்டியில் இருந்தால் ஆள் வீட்டில். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. வீட்டுக்குள் அம்மா இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போயிருப்பாள் என்று நினைத்தான். பட்டி வாசலை அடைக்கும் முள் படல் திறந்தபடி கிடந்தது. புகையைப் பார்த்த அவசரத்தில் கட்ட மறந்துவிட்டாள் போல என்று அவனே இழுத்துக் கட்டினான்.

பக்கத்து மாந்தோப்புக்காரர் ஆஞ்சப்பன் நாலைந்து பேரோடு வந்தார். தோப்பில் காய் இறங்கும் நேரம்.

"ஃபயர் சர்வீஸ் வண்டி சூளகிரிப் பக்கம் வேற தீக்குப் போயிருக்குதாம். வந்தாலும் மேல ஏறாது" என்றார். "நாமளே எதிர்த்தீ வச்சிடலாம். கீழ இருக்கிற புல்லு எரிஞ்சிடுச்சின்னா மேலருந்து வர்றது தானா நின்னுரும். உங்கம்மா வந்துடுச்சா மாதேசு?"

"வந்துடுச்சு மாமா. ஆடெல்லாம் பட்டியில இருக்குது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் மாமா. போனு கூட வீட்லதான் அடிக்குது."

துணி சுற்றிய கம்பை மாதேஷே வாங்கிக்கொண்டான். தன் வீட்டுக்குப் பின்னால் வைக்கும் தீயை அடுத்தவன் கையில் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. குனிந்து குனிந்து, அடிவாரம் நெடுக வைத்துக்கொண்டே போனான். காற்றும் மேல்நோக்கி வீசியது. தீ கடகடவென்று ஏறியது. இரண்டு தீயும் நடுவில் ஒன்றையொன்று தின்று அடங்கியபோது, தோப்பில் ஓர் இலைகூடக் கருகவில்லை. ஆஞ்சப்பன் அவன் தோளைத் தட்டினார்.

குடங்களோடு திரும்பிய ஆஞ்சப்பன் மனைவி தங்கமணி கேட்டாள்: "எங்க உங்கம்மா? இன்னிக்கு தண்ணி புடிக்கவே வரலையே."

மாதேஷ் பட்டிக்கு ஓடினான். நெற்றியில் வெள்ளை விழுந்த சினை ஆடு இல்லை. மற்றவை புகைக்குப் பயந்து தாமாகவே இறங்கி வந்திருக்கின்றன. படலை யாரும் மறக்கவில்லை. கட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை.

சாம்பல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஷூ உருக உருக ஏறினான். நடுச்சரிவில், ஒரு பாறையின் இடுக்கில் சென்னம்மா கிடந்தாள். பக்கத்தில் ஈன்ற ஆடும் குட்டியும் கருகிக் கிடந்தன. அவளுக்கு மூச்சு இருந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். அவன் யாருக்கும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அருகில் போய் நின்றான். உடம்பில் இன்னும் அதே நீல யூனிபார்ம் சட்டை.

சென்னம்மா கண் திறந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஆடு ஈனுற நேரம்டா. விட்டுட்டு வர மனசில்ல. அப்பறம் புகை வந்துச்சு. கொஞ்சம் பயந்துட்டேன். இறங்கிடலாம்னு எந்திரிச்சேன்."

"பேசாதம்மா."

"கீழ பாத்தா நீ. இந்த நீலச் சட்டை தெரிஞ்சிது. நீதான் தீ வச்சிக்கினே போற. பயமெல்லாம் போயிருச்சு. எம்புள்ள வந்துட்டான், எனக்குத்தான் ஏதோ வழி பண்றான்னு அங்கயே உக்காந்துட்டேன்."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்டிதானே கண்ணு?"

மாதேஷ் ஆமாம் என்று தலையாட்டினான்.