ஒதுக்கி வைத்த ஆறு கோர்கள்

எங்கள் வேலையில் ஒதுக்கி வைப்பது என்பது நல்ல காரியம். ஒரு சர்வருக்குள் எட்டு கோர்கள் இருக்கின்றன என்றால், ஒரே நேரத்தில் வேலை நடக்கும் எட்டு மேசைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசையில் யார் உட்காருவது என்பதை, சர்வரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் பார்த்துக்கொள்ளும். அதற்கு எல்லாரும் ஒன்றுதான். நொடிக்கு அறுபது தடவை கணக்குப் போட்டாக வேண்டிய ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் எழுப்பிவிட்டு, யாரும் கேட்காத பேக்கப்பை அங்கே உட்கார வைக்கும். அந்த இடைவெளியில் எங்கோ ஒருவர் சுட்ட குண்டு யார் மேலும் படாமல் போகும். அவர் எங்களைத் திட்டுவார், எங்கள் வீட்டாரையும் சேர்த்து. அதனால் சில கோர்களைக் காட்டி, இந்தப் பக்கம் யாரையும் அனுப்பாதே என்று கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

ஒருமுறை போனில், "ஆறையும் ஒதுக்கி வச்சாச்சு, இனிமே யாரும் கிட்ட போக முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மாமியார் பதறிவிட்டார். "எந்த ஆறு பேரும்மா? நம்ம சொந்தத்துலயா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒரு கேலி.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் வேறு ஊரில் இருக்கச் சொல்லி அவருடைய கம்பெனி கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ வேண்டாம்னா போகல," என்றார். "ஆனா உட்கார்ந்து பேசணும். போற போக்குல வேண்டாம்."

அவர் போகக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் பிரஷ் இருந்தது, ஆபீஸ் போன் அடித்துக்கொண்டிருந்தது. நுரையைத் துப்பிவிட்டு, "ஞாயித்துக்கிழமை மதியம் முழுக்க உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சாச்சு" என்றேன். அவர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவரே மேசையைத் துடைத்து, இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. என்னோடு வேலை பார்க்கும் தாடி. தாடியை எடுத்து வருடமாகிறது, பெயர்தான் போகவில்லை.

"அக்கா, நீங்க போட்ட புது செட்டிங்ல காலையில சர்வர ரீஸ்டார்ட் பண்ணேன். முன்னாடி ஆட்டம் நொண்டுச்சு. இப்ப நடக்கவே மாட்டேங்குது."

"பத்து நிமிஷம்," என்று கணவரிடம் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவர் தலையாட்டினார். என் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோண்ட ஆரம்பித்தேன். நெட்வொர்க் கார்டைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், மெமரியைப் பார்த்தேன். ஒன்றை மாற்றுவேன், தாடி உச்சுக் கொட்டுவான், பழையபடியே வைப்பேன். கண் எரிந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இது, பல வாரமாகக் கூடவே குடியிருக்கிறது. எதிரே கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மட்டும் போனை எடுத்து ஏதோ தட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். என் டீயில் ஆடை கட்டியிருந்தது.

"அக்கா," என்றான் தாடி. "ஒதுக்கின ஆறு கோரும் சும்மா கிடக்குது. ஒரு வேலையும் ஓடல."

பார்த்தேன். ஒதுக்கியது சரிதான். ஆட்டத்தை அங்கே போய் உட்காரச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது, கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதும்போது அதை விட்டிருக்கிறேன். கெர்னல் சொன்ன பேச்சைத் தட்டாது. நாமாக அனுப்பினால் ஒழிய அந்த ஆறு மேசைக்கு அது யாரையும் அனுப்பாது. அதனால் ஆட்டங்களின் மொத்தக் கூட்டமும் மிச்சமிருந்த இரண்டு மேசையில் பேக்கப்போடு முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"ஒதுக்கினோம், ஆனா போய் உட்காரல," என்றான் தாடி.

கணவர் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விட்ட வரியைச் சேர்த்தோம். ஓடிக்கொண்டிருந்த ஆட்டங்கள் முடிந்ததும் மறுபடி ரீஸ்டார்ட் செய்தோம். திரையில் அதுவரை எகிறிக் குதித்த வரைபடக் கோடு அடங்கி நேராக ஓடியது. விளையாடுகிற யாரோ எழுதியதைத் தாடி வாசித்துக் காட்டினான்: 'அப்பாடா, இவ்வளவு நாள் கழிச்சு எவனோ ஒழுங்கா வேலை பார்த்திருக்கான்.' அந்த எவனோ நான்தான்.

லேப்டாப்பை மூடினேன். மதியம் மேசை மேல் விழுந்திருந்த வெயில் சுவருக்கு ஏறிவிட்டிருந்தது. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"போகாதீங்க. எனக்கு நீங்க இங்க இருக்கணும்."

அவர் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார்.

"வரேன்னு கம்பெனிக்கு அனுப்பிட்டேன்மா. அப்பவே."

"பேசிட்டு சொல்றதாத்தானே இருந்துச்சு? மதியம் முழுக்க உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேனே."

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமா," என்றார். "ஒதுக்கித்தான் வச்சிருந்தே."