அம்மாவுக்கு இறங்காத பால்

2024 ஒக்டோபர் 8, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'அம்மா அரை டம்ளர் ஆட்டுப்பால் குடித்தார்' என்று எழுதியிருக்கிறேன். டம்ளரில் அரைவாசி குறைந்திருந்தது உண்மை. ஆனால் அதில் பாதிக்கு மேல் தலையணைத் துண்டில் ஊறியிருந்ததை இன்று காலை துவைக்கும்போதுதான் கண்டேன். குடித்தது இரண்டு மடக்காக இருக்கலாம். இனிமேல் குறைந்ததை அல்ல, விழுங்கியதை மட்டும் எழுத வேண்டும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு சிவரூபி 'இருக்கலாம்' என்பதை அடித்து 'இருக்கும்' என்று மாற்றினாள். சற்று யோசித்து அதையும் அடித்தாள். அம்மாவின் தொண்டை அசைந்ததை அவள் பார்த்தாள். அசைந்ததெல்லாம் உள்ளே போனதா என்று யாரைக் கேட்பது?

தெமோதரைக்கு மேலே, தேயிலை மலையின் சரிவில் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவர்களுடையது கடைசிக் காம்பரா. அப்பா இல்லை. அம்மா இராக்கம்மா காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மாதக் கணக்காகிவிட்டது. வயிற்றில் இருந்த கட்டியைப் பதுளை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்து, அதன் பிறகு ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். இரண்டு தடவை ஏற்றியாயிற்று. மூன்றாவது தடவை போனபோது டொக்டர் அம்மாவைத் தராசில் ஏற்றி, இரத்தம் பார்த்த தாளையும் பார்த்துவிட்டு, மருந்து ஏற்றாமலே திருப்பியனுப்பினார். தாங்குகிற உடம்புக்குத்தான் அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி நிறுத்துப் பார்ப்பாராம். அன்றும் நிறை இறங்கியே இருந்தால், இந்த மருந்தை விட்டுவிட்டு வேறு மாதிரி யோசிக்க வேண்டி வருமாம்.

வேறு மாதிரி என்றால் என்ன என்பது சிவரூபிக்குத் தெரியும். பதுளை பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் நடக்கிற பராமரிப்பாளர் பயிற்சி வகுப்புக்கு அவள் சில மாலைகளில் போய்வந்தாள். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தின் தலைப்பு, 'நோயாளியை நோவில்லாமல் வைத்திருத்தல்'. அந்தப் பாடத்தை அவள் இன்னும் திறக்கவில்லை.

வகுப்பெடுக்கும் ஷஹீலா மிஸ்தான் தினக்குறிப்பு எழுதச் சொன்னவர். வீட்டில் ஒருவருக்கு என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு இறங்கியது, பிறகு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அம்மாவின் கதையைக் கேட்டபோது மிஸ்ஸே ஆட்டைப் பற்றியும் பேசினார். நிறையச் சாப்பிட முடியாதவருக்குக் கொஞ்சத்திலேயே சத்து இருக்க வேண்டும். தங்கள் வீட்டில் யாராவது படுத்தால் முதலில் வைப்பது ஆட்டெலும்பை வேகவைத்து இறக்கிய ஆணம் என்றார். கொத்தி வேகவைத்த இறைச்சி, நன்றாகக் காய்ச்சிய ஆட்டுப்பால், அந்தப் பாலில் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவைக் கிண்டிய கஞ்சி என்று தினமும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

லயத்தில் இது யாரும் செய்யாத காரியம். ஆட்டிறைச்சி தீபாவளிக்கு வாங்குவது. வளர்க்கிற ஆடு விற்பதற்கு. பால் குட்டிக்கு. சிவரூபி வெள்ளாட்டுப் பாலை அடுப்பில் வைத்த அன்று பக்கத்துக் காம்பராக் கமலாதேவி எட்டிப் பார்த்து, "என்னா புள்ள, கடைசியில ஒங்கம்மாவ குட்டியாக்கிட்டியா?" என்று கேட்டாள். அம்மாகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் சிவரூபி குறித்துவைத்தாள். பிறகு, அது உணவு அல்ல என்று அடித்துவிட்டாள்.

முதலில் எலும்பு ஆணம். முதல் நாள் அம்மா ஒரு கோப்பை குடித்தாள். அடுத்த நாள் வாய்ப்புண் என்று கையைக் காட்டினாள். எப்போதும் போடுவதுபோல மிளகு தட்டிப் போட்டது சிவரூபிதான். மருந்து ஏற்றியவரின் வாய் வெந்துபோயிருக்கும் என்பதைப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, முழு மார்க்கும் வாங்கியவள் அவள். மிளகில்லாமல் மறுபடி வைத்தபோது, அந்தச் சட்டியைக் கண்டதுமே அம்மாவுக்கு ஓங்கரித்தது. கொத்திய இறைச்சி நாக்கைக் குத்தியது. மீதமிருந்தது பால்.

பாலுக்கு அவள் செய்யாதது இல்லை. துணியில் வடித்தாள். இரண்டு தடவை பொங்கவிட்டாள். இஞ்சி தட்டிப் போட்டாள், ஏலக்காய் போட்டாள். பாத்திரத்தைப் புளிப்பான தேசிக்காய்த் தோலால் தேய்த்தாள். அண்ணனிடம் ஆட்டுக்குப் புல்லை நிறுத்தி முள்முருங்கைத் தழை போடச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றி, நடந்ததை எழுதினாள். ஒவ்வொரு நாளும் அம்மா வாயைத் திறந்தாள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள், சற்று நேரத்தில் வாந்தியெடுக்க வாளியைக் கேட்டாள்.

"ஒனக்காகத்தான் புள்ள வாய தொறக்குறேன். வயிறுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்பாள்.

தன் அளவில்தான் எங்கோ தவறு என்று சிவரூபி நம்பினாள். கெட்டிக்காரி ஒருத்தி இந்த வீட்டில் மகளாய்ப் பிறந்திருந்தால் இந்நேரம் அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்றும் நினைத்தாள்.

பால் கறப்பது அண்ணன் சுபாஸ். சிவரூபிக்கு ஆடு உதைக்கும் என்று பயம். அவன் பகலில் பதுளையில் மூட்டை தூக்கிவிட்டு, வந்ததும் நேரே கொட்டிலுக்குப் போவான். அங்கே கறவை ஆட்டின் பக்கத்தில், கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய கறுப்புக் கிடா ஒன்று நின்றது. அம்மாவை அறுவைக்கு உள்ளே கொண்டுபோன அன்று, நோய் முழுதாகக் குணமானால் முனியாண்டிக்கு வெட்டுவதாகச் சுபாஸ் நேர்ந்துவிட்ட கிடா அது. அதற்கு அவன் கையாலேயே தழை ஊட்டினான், உண்ணி பொறுக்கினான், கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ பேசினான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து கிடாவுக்கு மதம். தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு, உதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆட்டு நாற்றம் ஒரு நாற்றமா? யாரும் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய் மாலை சுபாஸ் பால் செம்போடு உள்ளே வந்து, அம்மாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இது புதிதல்ல, பல நாளாக நடப்பதுதான். அன்று அவனால் பொறுக்க முடியவில்லை.

"என்னம்மா, எம்மேல என்னா கோவம்? கிட்ட வந்தாலே மூஞ்சிய திருப்புற."

"கோவம் ஒன்னும் இல்ல ராசா."

"பின்ன?"

அம்மா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "ஒன் சட்டையில வர்ற மொச்ச வாடதான் அந்தப் பாலுலயும் வருது. சொன்னா ரெண்டு பேரும் வருத்தப்படுவீங்கன்னு சொல்லல" என்றாள்.

சிவரூபி எழுந்து போய் அண்ணனின் தோளில் மூக்கை வைத்தாள். செம்பை முகர்ந்தாள். மறுபடி தோளை முகர்ந்தாள். இரண்டிலும் ஒரே வாடை. கிடா நிற்கிற கொட்டிலில், கிடாவைக் கட்டிப்பிடித்த கையால் கறந்த பாலை, அவள் இஞ்சியும் ஏலக்காயும் போட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவள் கொட்டிலுக்குள் ஒருநாள் போய் நின்றதில்லை.

அம்மாவுக்குக் கேட்காதபடி வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து, கிடாவை வேறெங்காவது கொண்டுபோய்க் கட்டச் சொன்னாள். நேர்ந்துவிட்டதைத் தன் கொட்டிலில் யார் கட்டுவார்கள், அதற்கு ஏதாவது ஆனால் முனியாண்டிக்கு யார் பதில் சொல்வது என்று சுபாஸ் கேட்டான்.

"அப்ப இப்பவே வெட்டிரு."

"கொணமாகுறதுக்கு முன்னாடியா? வேலைய அப்புறமா பாரு சாமி, கூலிய இப்பவே வாங்கிக்கன்னு சொல்லவா?"

வெட்டினாலும் அந்தக் கறி முனியாண்டியின் மரத்தடியிலேயே ஆம்பிளைகளுக்குள் முடிந்துவிடும், பெண்பிள்ளை வாயில் படக்கூடாது. அது இருவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையை நினைத்தபோது சிவரூபிக்கு நாக்கு கட்டுக்குள் நிற்கவில்லை.

"நீ நேர்ந்த கிடாதாண்ணே அம்மாவ பட்டினி போடுது."

சுபாஸ் சட்டையைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, வெற்றுடம்போடு அந்தக் குளிரில் தண்ணீர் விழும் பீலிக்கரைப் பக்கம் நடந்தான்.

சிவரூபி கொட்டிலுக்குப் போனாள். கிடாவின் கயிற்றை அவிழ்த்தாள். தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அதைத் தள்ளினாள். அது நாலடி போய்த் திரும்பி வந்து கறவை ஆட்டின் பக்கத்தில் நின்றது. குச்சியால் அடித்தாள். அடித்துப் பழக்கமில்லாத கை. அடி அதற்கு உறைக்கவே இல்லை. மேல் மலையில் சிறுத்தை நடமாட்டம் இருப்பது நினைவுக்கு வந்தது. போகட்டும், சிறுத்தையே தூக்கிக்கொண்டு போகட்டும் என்று ஒரு கணம் மனதார வேண்டினாள். வேண்டிய பிறகுதான், தன் அம்மா பிழைப்பதற்காக விட்ட உயிரை அல்லவா சாகச் சொல்கிறோம் என்று பட்டது. குச்சியைப் போட்டுவிட்டு அங்கேயே சாணியில் உட்கார்ந்து அழுதாள்.

சுபாஸ் தலையில் நீர் சொட்டச் சொட்ட வந்தான். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான். திட்டவில்லை. கிடாவைத் திரும்பக் கட்டக்கூட அவன் கையை நீட்டவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துச் சிவந்த கைகள் அவை.

"முனியாண்டிக்கு நேர்ந்தது கிடாவத்தான். அந்த ஆட்ட யாருக்கும் நேரல. இஸ்தோப்புல கொண்டாந்து கட்டு" என்றான். பிறகு, "நான் தொடல. நீயே புடி" என்றான்.

ஆடு வர மறுத்தது. குட்டியை முன்னால் தூக்கிப் போனபிறகுதான் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. இஸ்தோப்பில் கட்டி, வெந்நீரில் மடியைத் துடைத்து, சிவரூபி முதன்முதலாகக் காம்பில் கை வைத்தாள். சுபாஸ் கழிவுநீர்க் கானுக்கு அந்தப் பக்கம், வாசலுக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொடுத்தான். இழுக்காதே, மேலே பிடித்து ஒவ்வொரு விரலாய் அமுக்கு என்றான். ஆடு உதைத்தது. செம்பு உருண்டது. சற்று முன் கறந்த மடி, புது இடம், புதுக் கை. ஆடு பாலை அடக்கிக்கொண்டது. கடைசியில் செம்பின் அடியை மறைக்கிற அளவுதான் வந்தது.

அதைக் காய்ச்சி ஆற்றி அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மா ஒரு மடக்கு விழுங்கினாள். இன்னொரு மடக்கு விழுங்கினாள். வாடை இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்கு. கொறவா இருக்கு" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற மகனைப் பார்த்து, உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள். அவன் வரவில்லை. சற்று நேரத்தில் அம்மா வாளியைக் கேட்டாள். எல்லாம் வெளியே வரவில்லை, கொஞ்சம்தான் வந்தது. எவ்வளவு உள்ளே நின்றது என்று சிவரூபிக்குத் தெரியவில்லை.

விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் எழுதினாள்:

மாலை: இடம் மாற்றிக் கறந்த பால், இரண்டு மடக்கு. ஒரு பகுதி வாந்தி. மடியில் ஏறிய வாடை எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸிடம் போனில் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்குள் நிறை ஏறும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனிடம் சொன்ன சொல்லுக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாளை, புதன்: விடிவதற்கு முன் நானே பால் கறக்க வேண்டும். குரக்கன் கஞ்சியில் அந்தப் பாலை இரண்டு கரண்டி மட்டும் சேர்த்து, ஆறிய பின் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.