நீலக் கே பொத்தான்

இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்த தனக்கோடி, காலை பத்து மணிக்கு மறுபடியும் அதே பீங்கான் கம்பெனிக்குள் நுழைந்தான். சூளைப் பக்கம் போகவில்லை. நேராக டிசைன் ரூமுக்குப் போனான். சட்டைப்பையில் பென்டிரைவ் இருந்தது.

கோப்பைகளில் ஒட்டிச் சுடும் பூப்படங்களை அங்கேதான் வரைவார்கள். எட்டு கம்ப்யூட்டர், எட்டுப் பெண்கள். பொறுப்பாளர் பழமலைநாதன், தனக்கோடியோடு டிப்ளமோ சேர்ந்தவன். அவன் படித்து முடித்தான். தனக்கோடி இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டான். அதற்குப் பிறகும் இருவரையும் சேர்த்து வைத்திருந்தது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். அதன் திரைத் தோற்றங்களில் தனக்கோடிக்கு அலங்காரம் நிறைந்த கேடிஇ பிடிக்கும், பழமலைக்கு ஒன்றுமில்லாத வெறும் க்னோம்.

"மாட்டு வண்டிக்கு எதுக்குடா இத்தன மணி?" என்பான் பழமலை.

"உன்னுதுல மாடே இல்லியேடா" என்பான் இவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏற்றியது இவர்கள்தான். அந்த ஒரு முறை கேடிஇக்கு பழமலை விட்டுக்கொடுத்தான். கம்மாபுரம் பக்கமிருந்து வரும் பெண்களுக்கு இங்கிலீஷ் மெனு புரியவில்லை. வரைவதற்கு வைத்திருந்த இங்க்ஸ்கேப்பின் சொற்களை ஒவ்வொன்றாகத் தனக்கோடி தமிழில் மாற்றத் தொடங்கினான். அவன் வாழ்க்கையில் பாதியில் விடாத வேலை அது ஒன்றுதான்.

மூன்று மாதமாகத் தொடர்ந்து நைட் ஷிப்ட். டிசைன் ரூமுக்கு வர முடியவில்லை. வாரா வாரம் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் பென்டிரைவைக் கொடுப்பான். "போட்டுட்டேன்டா, சூப்பரா இருக்குது" என்பான் பழமலை. நேற்றோடு கடைசிச் சொல்லும் முடிந்தது. இதை மட்டும் தன் கையால் ஏற்ற வேண்டும் என்று வந்திருந்தான்.

பழமலை அறையில் இல்லை. முதல் கம்ப்யூட்டரில் இருந்த பூங்கோதை சட்டென்று எழுந்தாள்.

"என்னண்ணே, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க?"

திரையில் கேடிஇயின் நீல வால்பேப்பர், கீழ் மூலையில் கே எழுத்துப் பொத்தான். உட்கார்ந்து, பென்டிரைவைச் செருகி, சொற்பட்டியலை ஓப்பன் ஆபீஸில் திறந்தான். ஒரு சொல்லில் பிழை இருந்தது. சரியான சொல்லை மேலே தேர்ந்தெடுத்து, கீழே வந்து மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினான். லினக்ஸில் அப்படி அழுத்தினால் தேர்ந்தெடுத்த சொல் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். எட்டு வருஷப் பழக்கம், விரல் தானாகச் செய்யும்.

சொல் வரவில்லை. அம்புக்குறி போட்ட ஒரு வட்டம் முளைத்தது. பக்கம் கீழே வழுக்கிக்கொண்டு போனது.

லினக்ஸ் அப்படிச் செய்யாது. கே பொத்தானை அமுக்கினான். விண்டோஸின் பட்டியல் விரிந்தது. அதில் வரைவதற்குக் கோரல்டிரா இருந்தது. இங்க்ஸ்கேப் இல்லை.

"எப்பலருந்து?" என்றான்.

பூங்கோதை குனிந்துகொண்டாள். "பொங்கல் கழிச்சுண்ணே. சார்தான் சொல்ல வேணாம்னாரு."

"எட்டுப் பேருக்கும் தெரியுமா?"

மற்ற ஏழு பேரும் தங்கள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பழமலை கையில் டீயோடு வந்தான். திரையையும் தனக்கோடியையும் பார்த்தான். டீயை மேசைமேல் வைத்தான்.

"ஆர்டர் குடுக்குற பார்ட்டி எல்லாம் கோரல் ஃபைலாத்தான் அனுப்புறாங்கடா. நம்ம இங்க்ஸ்கேப்ல தொறக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

"மாத்துனத நான் கேக்கல. வாரா வாரம் பென்டிரைவ எதுக்கு வாங்குன?"

"சொன்னா நீ இதையும் வுட்டுருவியோன்னு பயந்துட்டேன். படிப்ப வுட்ட மாதிரி."

"அப்ப இந்த வேஷம்?"

"என்னிக்காவது வந்தா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான். உனக்குப் புடிச்ச கேடிஇதான போட்டேன்? என் க்னோமையா போட்டேன்?"

தனக்கோடி பூங்கோதையைப் பார்த்தான். "உங்களுக்குத் தமிழ்ல வேணாமா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வேற கம்பெனிக்குப் போனா கோரல் தெரியுமான்னுதான் கேக்குறாங்க. இங்கிலீஷும் பழகிடுச்சு."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பென்டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு செட்டிங்ஸைத் திறந்து, கேடிஇ வேஷத்தை எடுத்துவிட்டு விண்டோஸின் சொந்தத் தோற்றத்தை வைத்தான். கே பொத்தான் இருந்த இடத்தில் பச்சை ஸ்டார்ட் பொத்தான் வந்தது. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனான்.

"என்னடா பண்ற?"

"இதுதான்னா இதுவாவே இருக்கட்டும்."

பழமலை தடுக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. தனக்கோடி ஒவ்வொரு கம்ப்யூட்டராக நகர்ந்தான். கடைசிக் கம்ப்யூட்டரில் இருந்த செல்வநாயகி, அவன் வருவதற்கு முன்பே நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.