காலைப் படமும் மாலைப் படமும்

அத்தான் பூங்கொத்தோடு படியேறி வந்தபோது தம்பி கதவுநிலையில் கையைக் குறுக்கே வைத்தான். வைத்த பிறகுதான் அவனுக்கே திக்கென்றது. நாற்பத்தாறு வயது வரை அவன் யாரையும் மறித்ததில்லை. தன் அச்சகத்தில், அச்சடித்து முடித்த பிறகு எழுத்தை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளரிடம்கூடச் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிற ஆள்.

“என்ன தம்பி இது? வழிய விடு.”

பனி ஆய்வு அலுவலகத்தின் தலைவர் அவர். பின்னால் அலுவலகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் படிகளில் நின்றார்கள். உள்ளே கூடத்தில், சவப்பெட்டிக்குள், அக்கா படுத்திருந்தாள்.

“விடறேன் அத்தான். முதல்ல இதப் பாருங்க. அக்கா குடுக்கச் சொன்னா.”

இன்னொரு கையில், ஊடே பார்க்கக்கூடிய இரண்டு கண்ணாடித்தாள்கள் இருந்தன. அக்காவின் மரண அறிவிப்பை அடித்த கையோடு, அதே இயந்திரத்தில், நேற்று மத்தியானம் அவன் அச்சடித்தவை.

அக்காவின் வேலை படம் படிப்பது. ஆள் ஏற முடியாத மலைகளை ரேடார் செயற்கைக்கோள் மேலே இருந்து படமெடுத்து அனுப்பும். மேகம் மறைத்தாலும் அதற்குக் கவலையில்லை. பனி எது, பாறை எது என்று அவள் பிரித்துச் சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குப் பனிக்காரி என்றே பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பனியாற்றின் காலடியில் கறுப்பாக ஒரு பொட்டைக் கண்டாள். பனி உருகித் தேங்கிய ஏரி, கரை உடைந்தால் கீழே இருக்கும் ஊர் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த ஏரியைக் காட்டாத வரைபடத்தில் அத்தான் முந்தைய வாரம்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் அதை மலையின் நிழல் என்றார். ‘படம் படிப்பவரின் பிழை’ என்று அறிக்கையில் ஏற்றினார். கட்டிய மனைவியைக் கோப்பறைக்குத் தூக்கியடித்தார். அன்று சாயங்காலம் ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவேயில்லை.

ரேடார் படத்தில் அலை எட்டாத மலை நிழலும் கறுப்பு, அசையாத தண்ணீரும் கறுப்பு. அத்தான் ஒளிந்துகொண்டது அங்கேதான். ஆனால் செயற்கைக்கோள் காலையில் மலையை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும், மாலையில் எதிர்ப்பக்கத்திலிருந்து. நிழலென்றால் இடம் மாறும். தண்ணீர் எங்கே போகும்? மாலைப் படத்தையும் ஒரு தடவை பாருங்கள் என்று அக்கா கெஞ்சினாள். மனிதர் பார்க்கவேயில்லை.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அவள் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“போன வாரத்துப் படம் ரெண்டும் அனுப்பியிருக்கேன். கண்ணாடித்தாள்ல அடிச்சு வை. நாலு பேர் பார்க்கணுமே, அதுக்காகவாவது என் சாவுக்கு அவர் வருவார். ஏரின்னு வாயத் திறந்து சொல்லாம என் பக்கத்துல வரக்கூடாது.”

“விட்டுத் தொலையேன் அக்கா. மன்னிச்சுட்டுப் போயேன்.”

“மன்னிக்கிறதெல்லாம் உயிரோட இருக்கப் போறவங்க வேலைடா. எனக்கு ஏது நேரம்?” மூச்சு வாங்கியது. “நீ சிரிச்சுக்கிட்டே அவர உள்ள விட்டுடுவ. எனக்குத் தெரியும்.”

பதினோரு மணிக்கெல்லாம் அவள் போய்விட்டாள். அந்தக் கடைசிப் பேச்சு அவனை ராத்திரி முழுக்க அறுத்தது.

“சாவு வீட்ல என்ன விளையாட்டு?” என்றார் அத்தான். “அப்புறமா ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்.”

“ஆபீசுல அக்கா பேசிப் பார்த்துட்டா.”

அத்தான் கை நீட்டவில்லை. கூட்டத்திலிருந்து அலுவலகத்து வரைபடக்காரர் மேலேறி வந்து தாள்களை வாங்கினார். எட்டு வருடத்துக்கு முன்னால் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர். மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

“பக்கத்து மலையோட நிழல் காலையில இந்தப் பக்கம், மாலையில அந்தப் பக்கம். இது மட்டும் ஒரே இடத்துல உட்காருது சார்.” அந்தக் கறுப்புப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டினார். “அப்ப இருந்தத விட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. கீழ இருக்கிறவங்களுக்கு இன்னைக்கே சொல்லணும்.”

படிகளில் நின்றவர்கள் எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். தம்பிக்கு அது தித்தித்தது. சாவு வீட்டில் இப்படித் தித்திக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“சரி… ஏரியா இருக்கலாம்.”

“‘இருக்கலாம்’ வேண்டாம் அத்தான்.”

அத்தான் பூங்கொத்தைக் கை மாற்றினார். “ஏரி,” என்று முனகினார்.

“அக்காவுக்குக் கேக்கல.”

தம்பியின் முகத்தில் பழக்கதோஷமாகச் சிரிப்பு வந்திருந்தது. அத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“ஏரி. அது ஏரிதான். அவ சொன்னதுதான் சரி.”

கூடத்தில் விசும்பிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். தம்பி கையை இறக்கினான். நிலையின் விளிம்பு முழங்கைக்குக் கீழே சிவப்பாகப் பதிந்திருந்தது.

அத்தான் உள்ளே போய் அக்காவின் கால்மாட்டில் பூங்கொத்தை வைத்தார். வரைபடக்காரர் கீழே இருக்கும் ஊருக்குப் போன் பேச வெளியே போக, தாள்கள் நாற்காலி நாற்காலியாகக் கைமாறின. ஒவ்வொருவரும் அவற்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, அடுத்தவரிடம் கொடுத்தார். சுவரோரம் இரண்டு நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அத்தானுக்கு யாரும் எடுத்துப் போடவில்லை.