கதவைக் கழற்றிக்கொண்டு போன மாதம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தகரக் கதவிலிருந்து கிடைத்தது. மார்ச் ஒன்பதாம் தேதி காலை, நைவாஷா ஏரிக்கரையில் நாங்கள் குடியிருக்கும் கரகிட்டாவில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கிபே கதவொன்றைத் தலையில் சுமந்தபடி எதிரே வந்தார். எங்கள் பக்கத்தில் வாடகை நின்றால் யாரும் கத்திக்கொண்டிருப்பதில்லை, கதவைக் கழற்றிவிடுவார்கள்.

"யார் வீட்டுது?"

"ரோஜா கட்டுறாளே கெமுண்டோ, அவ வீட்டுது. என்னைப் பாக்காத தம்பி. எனக்கும் கடன்காரன் இருக்கான்."

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: 'கதவற்ற வீட்டில் காற்று மட்டும்…'

(அடித்துவிட்டேன். காற்றா பிரச்சினை? அந்த அறையில் பதின்மூன்று வயது மகள் படுக்கிறாள்.)

2

கெமுண்டோ, நைவாஷா ஏரிக்கரைப் பண்ணையில் ரோஜாக்களைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுபவள். காதலர் தினத்துக்காக அவள் கட்டியதெல்லாம் விமானம் ஏறிப் போனது. பிப்ரவரிச் சம்பளம் மட்டும் வரவில்லை. பூ வாங்கியவர்கள் பணம் அனுப்பவில்லை என்றது நிர்வாகம்.

கதவு போனதும் மூன்று நாள் வீட்டுக்குக் காவலிருந்தாள். வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. (தராத சம்பளத்தில் எப்படி வெட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். வெட்டினார்கள்.)

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறைவைத்து அவள் வாசலில் உட்கார்ந்தார்கள். அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். சம்பளம் வராத மற்ற எழுபது பெண்களும், இந்தப் புகார் கரையேறினால் நாமும் கொடுப்போம் என்று காத்திருந்தார்கள்.

3

முதல் வரைவில் பண்ணை அலுவலகத்தில் ஒரு நல்ல குமாஸ்தா இருந்தான். 'அவன் மேசையைத் தட்டி எழுந்து, இது அநியாயம் என்று…'

(போதும்.)

அந்தக் குமாஸ்தா நான்தான். எழுந்திருக்கவில்லை. மேலாளர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்: 'எனது சம்பளம் உரிய நாளில் கிடைத்தது. எனக்குப் புகார் ஏதுமில்லை.' இதில் அவள் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பணம் போனில் வந்துவிடும். இல்லையென்றால் விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பார்கள். அப்படி நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பது மேலாளருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

4

பதினாறாம் தேதி அவளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

"படிச்சுச் சொல்லு தம்பி."

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமேக்கா."

"தெரியும். உன் வாயால கேக்கணும்."

படித்தேன்.

"உரிய நாள்னா எது?"

"மாசக் கடைசி."

"இதை யாரு எழுதினது?"

"ஆபீஸ்."

"ஆபீஸுக்கு விரல் இருக்கா?"

விரல்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

"என் காசை நான் வாங்க, உங்களுக்கு ஒரு பொய்யை லஞ்சமாத் தரணும். அப்படித்தானே?" கோபமே இல்லாமல்தான் கேட்டாள். தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். பிறகு, "பேனாவக் குடு" என்றாள்.

கொடுத்தேன்.

5

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் கையெழுத்துப் போடுகிறாள். சாயங்காலமே கதவு மாட்டப்படுகிறது, மகள் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறாள், எழுபது பெண்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் 'பொய்' என்று தாளின் குறுக்கே எழுதிவிட்டுப் போகிறாள். எழுபது பெண்களும் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறார்கள், அவள் வாசலில் கதவுக்குப் பதிலாக ஒரு பழைய துணிதான் தொங்குகிறது. மூன்றாவதில் நான் எழுந்து தாளைக் கிழிக்கிறேன். (இதை நம்புகிறவர்களுக்கு என்னைத் தெரியாது.)

நடந்தது எது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். போட்டாள் என்றால் இவ்வளவுதானா என்பீர்கள். போடவில்லை என்றால் மாலையோடு வருவீர்கள். மாலையை வைத்து வாசலை அடைக்க முடியாது.

பேனா அவள் கையில் இருக்கிறது. மகள் பள்ளியிலிருந்து வர இரண்டு மணி நேரம் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பண்ணை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பிப்ரவரிச் சம்பளம் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. எனக்கும்தான்.