முட்டிவலித் தொட்டி

குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கீழ்ப்பாறைக் காலனியில் போர் போட்டார்கள். தொள்ளாயிரம் அடியில் வெந்நீர் வந்தது. வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு கந்தக நாற்றம். காலனியே தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, மீனம்பாள்தான் அதில் காலை விட்டுப் பார்த்தாள். இருபது வருஷம் நாற்று நட்ட முட்டி அது. மறுநாள் வலி பாதி குறைந்திருந்தது.

அப்புறம் என்ன, மகளிர் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வட்டமாக ஒரு தொட்டி கட்டினார்கள். இருபது பேர் படியில் உட்கார்ந்து முழங்கால்வரை தண்ணீரில் விடலாம். ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கிக் கால் பிடித்துக்கொண்ட சென்னைக்காரர்கள் செஞ்சியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள். மதியம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கும். தங்குவதற்கு மூன்று வீடுகளில் அறை உண்டு. இல்லாதது ரோடு ஒன்றுதான். மழை பெய்தால் ஆட்டோ வராது.

ரோடு போட்டுத் தரச் சுற்றுலா அதிகாரி சம்மதித்துவிட்டார். கிராமசபைத் தீர்மானம் மட்டும் வேண்டும் என்றார். ஊராட்சித் தலைவர் முருகையன் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"ஊர்க்காரங்களுக்குன்னு தனியா இன்னொரு தொட்டி கட்டிடு மீனம்பா. நாளைக்கே தீர்மானம் போட்டுடறேன்."

அடேங்கப்பா, என்ன தாராளம்! குழுவில் பாதிப் பேர் கட்டித் தொலைக்கலாம் என்றார்கள். மழைக்காலம் நெருங்கிவிட்டது, ரோடு இல்லாவிட்டால் இத்தனை பாடும் வீண். மீனம்பாளுக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் தீட்டுக்கென்று தன் கையாலேயே ஒரு தொட்டி கட்ட மனசு வரவில்லை.

இதில் வேடிக்கை, தலைவரைப் பெற்ற லட்சுமியம்மாள் ஒரு வாரமாக விடியற்காலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆட்டோவில் இங்கேதான் வருகிறாள். "எம் புள்ள காதுல போட்டுடாதடி" என்று மீனம்பாளிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தாள்.

கிராமசபையில் தலைவர் எழுந்து, "நம்ம ஊர் ஆளு ஒருத்தரும் அந்தத் தொட்டியில கால் வெக்கமாட்டாங்க" என்றார். மீனம்பாள் பெண்கள் வரிசையில் இருந்த லட்சுமியம்மாளையே பார்த்தாள். கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் தலைவர் வாயடைத்துப் போவார். சொல்லவில்லை, சத்தியம் செய்தாகிவிட்டது.

"ஒரே தொட்டிதான் தலைவரே" என்று மட்டும் சொன்னாள். தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடியலில் கூசாமல் ஆட்டோ வந்து நின்றது.

"கோவமாடி?" என்றாள் லட்சுமியம்மாள்.

"கோவந்தான். வயிறு எரியுது. ஒளிஞ்சி வர்றவங்களுக்கு இனிமே இங்க எடம் இல்லம்மா. பத்து மணிக்கு எல்லாரும் இருக்கசொல்ல வாங்க."

கிழவி போய்விடுவாள் என்று மீனம்பாள் நினைத்தாள். போகவில்லை. வீட்டுக்குப் போய் இறங்கி, மறுபடி ஏறி வர அந்த முட்டிக்குத் தெம்பில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். பால்காரர் பார்த்தார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஊர்ப் பெண்கள் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். ஒன்பதே முக்காலுக்குத் தலைவரின் பைக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா இது? ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். வலி எனக்குத்தானே? ஒரு வாரமா வந்துகினு இருக்கறேன். இப்பத்தான் குந்தி எழுந்திரிக்க முடியுது. கையப் புடிச்சி தொட்டியில எறக்கி வுடு."

தொட்டியில் காலை விட்டிருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால், லட்சுமியம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கித் தொட்டி விளிம்புக்கு வந்து கையை நீட்டினாள். கிழவியைப் படியில் உட்காரவைக்க வேண்டுமென்றால், கைகொடுப்பவர் முதலில் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். ஒரு வாரமாக மீனம்பாள்தான் இறங்கினாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முருகையன் சுற்றுமுற்றும் பார்த்தார். லட்சுமியம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. துணையில்லாமலே படியில் காலை வைக்கப் போனாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

"வேட்டியத் தூக்கிக் கட்டிக்குங்க தலைவரே" என்றாள் மீனம்பாள். "தண்ணி கொஞ்சம் சுடும்."