ஏப்ரலில் நின்ற டிஸ்க்

ஏசுவே, இது ஏப்ரல். திரையில் கடைசியாக இருப்பது ஏப்ரல் மாதத்துக் கம்பியின் சோதனைக் கணக்கு. மே எங்கே? செப்டம்பர் எங்கே? நான் தினமும் பார்த்த எண்கள் எல்லாம் எங்கே போயின?

ஆலையின் சோதனைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்டினா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும் என்று தெரியும்.

ஆயுத பூஜைக்கு அந்தக் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள். எல்லாக் கணக்கையும் வைத்துக்கொண்டு வருடம் முழுக்க ஓடும் சர்வரும் அன்று அணைந்தது. எலக்ட்ரீஷியன் யேசுதாஸ் உள்ளே இருந்த வயர்களைக் கழற்றி, தூசி ஊதி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி மாட்டினார். பூஜை முடிந்து இன்று போட்டதும் அதை இயக்கும் லினக்ஸ் சமர்த்தாக எழுந்து வந்தது, பழைய கணக்கோடு.

உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்; மிரர். மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. ஏப்ரலில் முதல் டிஸ்கின் வயர் தளர்ந்து அது மிரரிலிருந்து விலகிப் போயிருக்கிறது. எச்சரிக்கை மெயில் எல்லாம் வேலையை விட்டுப் போனவரின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதன்பின் எழுதியதெல்லாம் இரண்டாவதில் மட்டும். யேசுதாஸ் முதலாவதை இறுக்கிவிட்டு இரண்டாவதைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தார்.

முதலாவதைக் கழற்றி, இரண்டாவதை மட்டும் மாட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரை. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கியது. மெஷினை எழுப்பிவிடும் புரோகிராமை, சர்வர் போட்டுக் கொடுத்தவர்கள் முதல் டிஸ்கில் மட்டும் வைத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தது எழ முடியாமல் கிடந்தது. எழத் தெரிந்ததற்கோ ஏப்ரலுக்குப் பிறகு எதுவும் தெரியவில்லை.

"பொட்டு வெச்சா எங்க பாஸ்டர்தான் கோச்சிப்பாருன்னு பாத்தேன் சிஸ்டர், மெஷினே கோச்சிக்கினுதே" என்றார் யேசுதாஸ். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மேனேஜர் ஆதிகேசவன் உள்ளே வந்தார். "இன்னாம்மா பேஜாரு? டெஸ்ட் சர்ட்டிபிகேட் இல்லாம கம்பி லாரிங்க கேட்டாண்ட நின்னுக்கினு இருக்குது. பழசு எழுந்துக்குதுல்ல, அதையே போட்டு ரெண்டையும் சேத்து வுடு. மிரரு தானா சரி பண்ணிக்கும்னு நீதான சொன்ன?"

"இப்ப சேத்தா, எழுந்து நிக்கிறதுதான் உண்மைன்னு நெனச்சிக்கும் சார். இன்னொண்ணு மேல ஏப்ரலையே எழுதிடும். பென்டிரைவ்ல வேற லினக்ஸ் போட்டு இந்த ரெண்டாவத எழுப்பிப் பாக்கறேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"எழுந்துக்கும்னு கேரண்டி தருவியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப நான் சொல்றத செய்."

சரி சார் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது எப்போதும் தயாராகத்தான் இருக்கும். எதிரே ஒரு முகம் கோணுவதைத் தாங்க முடியாமல் சொல்லிவிடுவாள். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இன்றைக்கும் அப்படியே சொல்லிவிடலாம். தவறு அவருடையதாகிவிடும். ஆனால் எந்த வார்ப்புக் கம்பி சோதனையில் முறிந்தது, எது எந்தப் பாலத்துக்குள் போனது என்பது இந்த ஒரு டிஸ்கைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

மெஷினை அணைத்தாள். இரண்டாவது டிஸ்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இளஞ்சூடாக இருந்தது; ஓரத்தில் குங்குமம்.

"வேணாம் சார்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சேக்க மாட்டேன்."